நாலாயிரம் புள்ளிகளும் நள்ளிரவு டேட்டாவும்

(அக்குறணையில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020 மார்ச் 24ஆம் திகதி யூடியூப் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உலகமே வீட்டுக்குள் அடைபட்டு வீடியோ பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆகவே அடுத்த ஒரு மாதத்துக்கு வீடியோக்கள் சாதாரணத் தரத்தில், அதாவது 480 வரிகளில்தான் ஓடத் தொடங்கும். அதற்கு மேல் வேண்டியவர் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்றது அறிவிப்பு. ஐரோப்பிய ஆணையாளர் தியரி பிரெட்டன் கேட்டுக்கொண்டதன் பேரில், அதற்குச் சில நாட்கள் முன்பே நெட்பிளிக்ஸும் ஐரோப்பாவில் தன் வேகத்தைக் குறைத்திருந்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில்தான் அக்குறணையும் மூடப்பட்டது. நாடு முழுவதும் ஊரடங்கு இருந்தது உண்மை. ஆனால் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியாதபடி முற்றாகத் தனிமைப்படுத்தப்பட்ட முதல் ஊர்கள் கண்டி மாவட்டத்தில் அக்குறணையும் களுத்துறை மாவட்டத்தில் அட்டுலுகமவும்தான்.

அந்த நாட்களில் இங்கே பிள்ளைகளின் பாடமும், கட்டாரிலும் துபாயிலும் இருக்கும் உறவுகளின் முகமும், பொழுதுபோக்கும் ஒரே சிறு திரைக்குள் வந்து சேர்ந்தன. படத்தின் தரம் உலகளாவிய அளவில் ஒரு படி இறங்கியிருந்தது. அறிவிப்பை வாசிக்காதவர்களில் எத்தனை பேர் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது கேட்கத்தக்க கேள்வி.

4கே என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் பார்ப்பவரின் திரையிலிருந்து தொடங்குகிறார்கள். கண்டி நகரத்து டீவி கடைகளும் அப்படித்தான் விற்கின்றன. இந்த உரை அதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறது. 4கே எனும் மிகை நுண்தர வீடியோவின் பயன் பெரும்பகுதி எடுப்பவரின் கமராவிலும் அனுப்புபவரின் ரவுட்டரிலும் இருக்கிறது; பார்ப்பவருக்கு அது பல வேளைகளில் தேவைப்படுவதே இல்லை.

முதலில் கணக்கு. 4கே திரையில் குறுக்கே 3840 புள்ளிகள், நெடுக்கே 2160. பெருக்கினால் ஏறக்குறைய 83 இலட்சம். முழு எச்டி எனப்படும் 1080 தரத்தில் அதில் நாலில் ஒரு பங்கு. ஊரடங்கு மாதத்தின் 480 தரத்தில் நாலு இலட்சத்துச் சொச்சம். இருபதில் ஒரு பங்கு. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட் என்றும், விநாடிக்கு 30 படங்கள் என்றும் வைத்துக்கொண்டால், சுருக்காத 4கே வீடியோ விநாடிக்கு 6 ஜிகாபிட் அளவுக்குப் பெருகும். இந்தப் பிரவாகத்தைத் தாங்கும் இணைப்பு இந்த வட்டாரத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. யூடியூபோ 4கே பார்க்க 20 மெகாபிட் இணைப்புப் போதும் என்கிறது. அதாவது கண்ணுக்கு வந்து சேர்வது மூலத்தில் முந்நூறில் ஒரு பங்குதான். மிச்சம் 299 பங்கையும் கணினி வழியிலேயே கழித்துவிடுகிறது.

எப்படிக் கழிக்கிறது? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறாத பகுதியை மறுபடி அனுப்புவதில்லை. சுவர் முன்னால் உட்கார்ந்து ஒருவர் பயான் செய்யும் வீடியோவில் மாறுவது உதடும் கையும் மட்டுமே. அது சுருங்கிக் கொடுக்கும். கண்டி எசல பெரஹராவை இரவில் எடுத்துப் பாருங்கள். கரும் பின்னணியில் ஆடும் தீப்பந்தங்கள், பறக்கும் பொறிகள், யானையின் மேலங்கியில் மினுங்கும் ஆயிரம் சிறு விளக்குகள், ஓயாமல் அசையும் நடனக்காரர்கள். எந்த மூலையிலும் அசையாத இடம் இல்லை. சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைப்பது சிரமம். அடைமழைக்கும் இதே விதிதான். நல்ல கமராவில் எடுத்த மழை வீடியோ இணையத்தில் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால் கமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

யூடியூபில் ஏறிய முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23ஆம் திகதி ஏறியது. நிறுவனர்களில் ஒருவரான ஜாவித் கரீம் ஒரு மிருகக்காட்சிச் சாலையில் யானைகளின் முன்னால் நின்று பேசும் 19 விநாடிகள். தரம் 240 வரி. 2008இல் 720, 2009இல் 1080, 2010 ஜூலையில் 4கே என்று ஏணி வேகமாக உயர்ந்தது. 2010இல் 4கே காட்டும் டீவி சாதாரண வீடுகளில் எங்குமே இருக்கவில்லை. பார்க்க ஆளில்லாத தரத்துக்கு வாசலைத் திறந்து வைத்தது ஏன் என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. 2013இல் சம்சுங் நோட் 3, 2015இல் ஐபோன் 6எஸ் என்று 4கே கமரா சட்டைப் பைக்குள் வந்த பிறகு சிரிப்பு அடங்கியது.

இலங்கையில் இன்னொரு விநோதம். 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கியபோது வந்த அனலொக் படத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. டிஜிட்டலுக்கு மாறுவதற்கென 2014இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத் தெரிவு செய்தார்கள். மாற்றம் இழுபட்டுக்கொண்டே போயிற்று. ஆகவே ஒரே டீவியில் அன்டெனா கம்பியைச் செருகினால் 576 வரி, வைபையைத் தட்டினால் 2160 வரி. மிகை நுண்தரம் இந்த நாட்டுக்கு ஒளிபரப்புக் கோபுரம் வழியாக வரவேயில்லை. இணையம் வழியாகத்தான் வந்தது. அதனால்தான் இணையத்தின் குறைகளை எல்லாம் சேர்த்தே கொண்டுவந்தது.

அவற்றில் பெரிய குறை, போகும் வழி ஒடுங்கியிருப்பது.

பழைய தொலைபேசிக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் இணைப்பைப் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் அமைப்பே ஒருதலைப்பட்சமானது. இறங்கும் திசைக்கு அகலமான பாதை, ஏறும் திசைக்கு 1 மெகாபிட் சுமாரான ஒற்றையடிப் பாதை. வீடியோ தருபவர்கள் எங்கோ சிலர், வாங்குபவர்கள் எங்கும் பலர் என்று கருதிய காலத்தின் பொறியியல் அது. 4ஜி ரவுட்டரிலும் பைபரிலும் நிலைமை தேறியிருக்கிறது என்றாலும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாவது இறங்கும் வேகம்தான். ஏறும் வேகம் என்னவென்று கேட்டு வாங்குபவர் குறைவு.

ஒரு கல்யாண வீடியோக்காரரை எடுத்துக்கொள்வோம். நிக்காஹ் நிகழ்ச்சியின் பத்து நிமிடத் தொகுப்பு ஒன்றை 4கேயில் முடித்து வைத்திருக்கிறார். விநாடிக்கு 30 படம் கொண்ட 4கே வீடியோவை 35 முதல் 45 மெகாபிட் அடர்த்தியில் அனுப்புங்கள் என்பது யூடியூபின் பரிந்துரை. 45 என்று வைத்தால் கோப்பு ஏறக்குறைய 3.4 ஜீபி. 1 மெகாபிட் பாதையில் அது ஏற ஏழரை மணித்தியாலம். 10 மெகாபிட் கிடைத்தால் முக்கால் மணித்தியாலம். 50 மெகாபிட் தரும் பைபரில் ஒன்பது நிமிடம். ஒரே கோப்பு, ஒரே ஊர். இரண்டு தெரு தள்ளியிருக்கும் இரண்டு கடைகளுக்கு இடையே ஏழு மணித்தியால வித்தியாசம்.

அதனால்தான் இரவு டேட்டா. ஸ்ரீலங்கா டெலிகொம், டயலொக் போன்றவற்றின் வீட்டு இணையப் பெக்கேஜ்கள் நீண்ட காலமாகவே எந்நேரமும் பாவிக்கும் பங்கு என்றும் நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கும் பங்கு என்றும் பிரிந்து வந்தன. பெரும்பாலானவற்றில் ஏற்றுவதும் கணக்கில் சேரும். பகலில் 3.4 ஜீபியை விழுங்கக் கொடுப்பதற்குப் பதிலாக, பன்னிரண்டு மணிக்குப் பதிவேற்றத்தைத் தட்டிவிட்டுப் படுப்பது வீடியோ எடுப்பவர்களின் வழக்கமாயிற்று. 2022இல் அந்த வழக்கத்துக்கும் சோதனை வந்தது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பாதி ஏறிய கோப்போடு ரவுட்டர் அணைந்துபோகும். 24 மணித்தியாலத்துக்குள் அதே கோப்பை மீண்டும் தெரிவு செய்தால் விட்ட இடத்திலிருந்து ஏற்றலாம் என்ற வசதி யூடியூபில் இருக்கிறது. இதை அறியாமல் முதலிலிருந்து ஏற்றியவர்கள் வீணாக்கிய டேட்டாவுக்குக் கணக்கே இராது.

கோப்பு ஏறி முடிந்ததும் வேறொரு கலக்கம். திறந்து பார்த்தால் படம் கலங்கலாக இருக்கும். வீடியோ கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றுபவர்களும் உண்டு. உண்மையில் யூடியூப் முதலில் தாழ்ந்த தரப் பிரதியைத் தயாரித்து வெளியிடுகிறது. எச்டி பிரதி பிறகு வரும், 4கே பிரதி எல்லாவற்றுக்கும் கடைசி. நிமிடத்துக்கு 500 மணித்தியால வீடியோ உலகெங்குமிருந்து வந்து குவியும் இடம் அது. இந்த வேலைக்கென்றே கூகுள் ஆர்கோஸ் என்ற தனிச் சில்லுகளைச் செய்து 2021இல் வெளியே சொன்னது. பழைய முறையைவிட 20 முதல் 33 மடங்கு வரை செயல்திறன் என்றது. அப்படியும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். கல்யாண வீட்டாருக்கு லிங்க் அனுப்புவதைச் சில மணித்தியாலம் தள்ளிப்போடுவது நல்லது.

இவ்வளவு பாடுபட்டு 4கேயில் ஏற்றுவதன் லாபம், 4கே பார்க்காதவருக்கும் கிடைக்கிறது என்பதுதான் இதில் சுவையான விஷயம். 1080இல் ஏறும் சாதாரண வீடியோக்களை யூடியூப் பெரும்பாலும் 2003இல் வந்த எச்.264 என்ற பழைய முறையிலேயே சுருக்குகிறது. 4கேயில் ஏறினால் 2013இல் வந்த விபி9 போன்ற புதிய முறைக்கு மாற்றுகிறது. அந்த வீடியோவை ஒருவர் போனில் 1080இல் பார்த்தாலும் அவருக்குக் கிடைப்பது நல்ல பிரதிதான். இதை அறிந்த சிலர் 1080இல் எடுத்ததைக்கூட 4கே அளவுக்குப் பெருப்பித்து ஏற்றுகிறார்கள். ஏமாற்று வேலை போலத் தோன்றும். ஆனால் விதியை எழுதியது யூடியூப், பாவிப்பவர் கெட்டிக்காரர், அவ்வளவுதான்.

சுருக்கும் முறைகளுக்குப் பின்னால் வியாபாரச் சண்டையும் இருக்கிறது. எச்.264க்கும் அதன் வாரிசான எச்ஈவிசிக்கும் காப்புரிமைப் பணம் கட்ட வேண்டும். விபி9 கூகுளின் சொந்தச் சரக்கு, இலவசம். 2018இல் பல நிறுவனங்கள் கூடி ஏவி1 என்ற இலவச முறையை வெளியிட்டன. பாவனையாளருக்கு இந்தச் சண்டை தெரிவது அவர் போன் மக்கர் பண்ணும்போதுதான். 2020இல் ஐஓஎஸ் 14 வரும்வரை, விலையுயர்ந்த ஐபோன் வைத்திருந்தவருக்கும் யூடியூபில் 4கே கிடைக்கவில்லை. இணைப்பு நன்றாக இருந்தும் பழைய லெப்டொப்பில் 4கே திக்கித் திக்கி ஓடுகிறதென்றால், அந்தச் சில்லுக்கு விபி9ஐ விரிக்கத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஓடும் வீடியோவின் மீது மவுஸின் வலது பொத்தானைத் தட்டி “ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்” என்ற வரியைத் தெரிவு செய்தால், இணைப்பின் வேகமும் தவறவிட்ட படங்களின் எண்ணிக்கையும் அங்கேயே எழுதியிருக்கும். வேகம் இருந்தும் தவறிய படங்கள் ஏறிக்கொண்டே போனால் குற்றம் கணினியில். இணைய நிறுவனத்துக்குக் கோல் எடுத்துச் சண்டை பிடிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி, பார்ப்பவர் பக்கம். சாதாரண நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துக் காணும். இதைக் கொண்டு கணக்கிட்டால், 55 அங்குல டீவியில் 1080 தரத்தின் புள்ளிகள் ஏழு அடிக்கு அப்பால் தனித்துத் தெரியாது. ஏழு அடிக்கு அந்தப் பக்கம் சோபா போட்டவருக்கு 4கேயின் கூடுதல் புள்ளிகள் பெரிய லாபம் தராது. 32 அங்குல டீவியில் அந்த எல்லை நாலடி. அவ்வளவு நெருங்கி உட்கார்ந்தால் உம்மாவிடம் ஏச்சுத்தான் கிடைக்கும். கையில் பிடிக்கும் போனுக்கு 1080ஏ தாராளம். செலவோ மடங்கு மடங்காக ஏறுகிறது. 20 மெகாபிட் வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 9 ஜீபி. 1080க்குப் பரிந்துரைக்கும் 5 மெகாபிட்டில் 2.25 ஜீபி, 480க்கு அரை ஜீபி. 2022 ஒக்டோபரில் யூடியூப் 4கே பார்ப்பதைக் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் ஒதுக்கிச் சில பாவனையாளர்களிடம் பரிசோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. அது நிலைத்திருந்தாலும் போனில் பார்ப்பவருக்கு இழப்பு ஒன்றுமில்லை.

அப்படியானால் 4கே யாருக்கு?

அக்குறணைக்கு இந்தக் கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. பிங்கா ஓயா பெருகி நகரத்துக் கடைகளுக்குள் புகும் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான போன்கள் மேலே உயர்கின்றன. எடுத்த வீடியோ வட்ஸ்அப் குழு குழுவாகப் பாய்கிறது. முதல் பாய்ச்சலிலேயே அது நசுங்கிவிடுகிறது. தண்ணீர் எந்தச் சுவரில் எந்தப் படி வரை ஏறியது, எந்தப் பெயர்ப்பலகையைத் தொட்டது என்ற விபரம் அதில் கரைந்துபோகிறது. அர்ஜென்டினாவின் கொர்டோபா நகரப் பகுதியில் ஆய்வாளர்கள் மக்கள் எடுத்து இணையத்தில் ஏற்றிய வெள்ள வீடியோக்களைச் சேகரித்து, நீர்ப்பரப்பில் மிதக்கும் குப்பையும் நுரையும் படத்துக்குப் படம் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்து, ஆற்றின் வேகத்தையும் ஓடிய நீரின் அளவையும் கணக்கிட்டார்கள். பிரான்ஸிலும் நியூசிலாந்திலும் இது நடந்திருக்கிறது. அதற்கு ஆடாத கமரா வேண்டும், அளவு தெரிந்த கட்டடமோ பாலமோ சட்டத்துக்குள் வேண்டும், நசுங்காத மூலக் கோப்பு வேண்டும். இங்கே எடுக்கும் வீடியோக்களில் மூன்றாவதுதான் பெரும்பாலும் தொலைந்துபோகிறது.

இன்னொரு நினைவு கசப்பானது. 2018 மார்ச் 5ஆம் திகதி கண்டி மாவட்டத்தின் திகனயில் தொடங்கிய முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை 7ஆம் திகதி அக்குறணைக்கும் வந்தது. அன்றே அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றைத் தடைசெய்தது. ஒரு வாரத்துக்கு மேல் தடை நீடித்தது. பிறகு ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், பொலிஸாரும் அரசியல்வாதிகளும் சம்பந்தப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டுகளை எழுதியபோது, நேரில் கண்டவர்களின் வாக்குமூலத்தோடு சிசிடிவி பதிவுகளையும் ஆதாரமாகக் கொண்டது. அப்படிப்பட்ட பதிவில் ஒரு முகம் யாருடையது என்று சொல்ல எத்தனை புள்ளி வேண்டும்? சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் தரநிர்ணயம், அறிமுகமற்ற ஒருவரை அடையாளம் காண ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 புள்ளிகள் என்கிறது. 720 தரக் கமரா அந்த நுணுக்கத்தோடு ஐந்து மீற்றர் அகலத்தைத்தான் பிடிக்கும். 1080 ஏழரை மீற்றர். 4கே பதினைந்து மீற்றர். இருவழி வீதியும் இரு பக்க நடைபாதையும் அதற்குள் அடங்கும். கடைக்குக் கமரா பூட்டுபவர் டீவிக்குச் செலவழிக்கும் காசை இங்கே செலவழிப்பது நியாயம்.

நுணுக்கமாக எடுத்து வைத்தது பின்னாளில் எப்படிப் பலன் தரும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1983இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தன் இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படத்துக்காகக் கண்டிக்கு வந்தார். ஹந்தானையில் இந்தியக் கிராமம் முளைத்தது. அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கட்டுக்கு அருகே, அணையின் பொறியியலாளர்களின் உதவியோடு, கயிற்றுப் பாலம் தொங்கியது. கிராமத்துப் பூசாரியாக டி. ஆர். நாணாயக்கார நடித்தார். பிறகு நாற்பது வருடம் போலப் பலர் அதைப் பார்த்தது கெசெட்டிலும் டீவியிலும் டீவிடியிலும்தான். 35 மில்லிமீற்றர் பிலிமில் பதிந்திருந்த விபரத்தில் பெரும்பங்கு அந்த வழிகளில் வரவேயில்லை. 2021இல் 4கே டிஸ்க் வந்தது. ஹந்தானைச் சரிவும், கூட்டத்தில் நின்ற உள்ளூர் மக்களின் முகமும் அன்று தியேட்டரில் முதல் வரிசையில் இருந்தவர் கண்ட தெளிவோடு வீட்டுக்கு வந்தன. யாரும் 1983இல் 4கே டீவியை எண்ணிப் படம் எடுக்கவில்லை. மூலம் நன்றாக இருந்தது, அதனால் காலம் வந்தபோது எடுத்துக்கொள்ள முடிந்தது.

வீட்டளவில் இதற்கு வழி எளிது. போனில் 4கே தெரிவை இயக்கி வைப்பது முதல் வேலை. ஐபோனில் 30 படம் கொண்ட 4கே நிமிடத்துக்கு 170 எம்பி பிடிக்கும். பிள்ளையின் முதல் நடையைப் பதிவுசெய்ய அது பெரிய விலையல்ல. வட்ஸ்அப்பில் 2023இல் எச்டி பொத்தான் வந்தபோது அதுவும் 720 வரைதான் போனது. மூலத்தை அனுப்ப வேண்டுமென்றால் டொகியுமென்ட் வழியாக அனுப்ப வேண்டும். 2 ஜீபி வரை நசுக்காமல் போய்ச் சேரும். யூடியூபில் ஏற்றுபவர் எல்லோருக்கும் காட்ட விரும்பாவிட்டால், லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும் தெரிவு இருக்கிறது. ஆனால் யூடியூபைப் பெட்டகம் என்று நம்பி மூலக் கோப்பை அழிப்பது தவறு. அங்கிருந்து சாதாரணமாகத் திரும்ப இறக்கினால் வருவது நசுக்கிய பிரதி. ஏற்றிய கோப்பு அப்படியே வரும் என்பதற்கு உறுதியில்லை.

பழைய கெசெட்டுகளைப் பற்றி இங்கே பலர் கேட்பதுண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடாவிலிருந்து வந்த கமராக்களில் எடுத்த கல்யாணங்கள் அலுமாரிகளில் கிடக்கின்றன. விஎச்எஸ் நாடா குறுக்கே தாங்குவது 240 வரி அளவு விபரம்தான். அதை 4கே அளவுக்குப் பெருப்பித்து யூடியூபில் ஏற்றினால் நல்ல சுருக்க முறை கிடைக்கும், இல்லாத விபரம் வராது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்கின்றன. அவை தருவது ஊகித்து வரைந்த முகம். மௌத்தான மூத்தம்மாவின் முகத்தில் யாரோ ஒருவரின் கண்ணை வைத்துத் தரும் வேலையை ஏற்பதா என்பதை அந்தந்தக் குடும்பம் தீர்மானிக்கட்டும். அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. மலைநாட்டு ஈரத்தில் காந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் புனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே கெசெட் வைத்திருப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, இன்னும் ஓடும் டெக் ஒன்று ஊரில் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.